ஆற்றங்கரை மேட்டில் அணைந்த வண்டி

என் அன்பான ‘என்னங்க’வுக்கு,

நீங்கள் இருந்த காலத்தில் ஒருநாளும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கவா போகிறீர்கள்? அதனால் பழைய அழைப்பிலேயே எழுதுகிறேன்.

உங்கள் டீசல் வண்டி இப்போது நம் வாசலில் இல்லை. வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் சவாரி போய் நம் வீட்டுக்குச் சோறு போட்ட வண்டி அது. அதைக் கொடுத்துவிட்டு உங்கள் தம்பி பாஸ்கர் சின்னதாக ஒரு பெட்ரோல் வண்டி எடுத்திருக்கிறார். “அண்ணன் வண்டிய விட ஹார்ஸ்பவர் எவ்வளவோ கூட அண்ணி. பைபாஸ்ல பறக்குது” என்றார். மாற்றலாமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீங்கள் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தும், சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். வீட்டுக்குள் இருக்கிறேன், அவ்வளவுதான். நன்னிலத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், நான் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. பாஸ்கர் கோபப்படவில்லை. “உங்களுக்கு இங்க என்ன அண்ணி குறை? எங்க போகணும்னாலும் சொல்லுங்க, நான் கொண்டு விடுறேன்” என்றார். கொண்டுவிட அவருக்கு நேரம் வாய்க்கவே இல்லை. போகப்போக நானும் சொல்வதை விட்டுவிட்டேன். திட்டி அடைத்து வைத்தால் எதிர்த்துப் பேசலாம். இவ்வளவு அக்கறையாகப் பூட்டுகிறவரிடம் என்ன பேசுவது?

ஐப்பசி மழை அடித்து ஊற்றிய வாரத்தில் அத்தைக்கு இளைப்பு வந்துவிட்டது. காலையில் காபி கொடுக்கப் போனால், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறார். உதடெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தோம். வழியில் தண்ணீர் நிற்கிறது, சுற்றித்தான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். அம்மாவின் தவிப்பைப் பார்த்து பாஸ்கர் வண்டியை எடுத்தார். அத்தையைத் தாங்கிக்கொண்டு நான் பின்சீட்டில் ஏறினேன்.

நம் வாய்க்கால் கரைச் சாலை உங்களுக்குத் தெரியாததா? ஒரு வண்டி போனால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. அதன் முடிவில் ஆற்றங்கரை ரோட்டுக்கு ஏறுகிற அந்தச் செங்குத்து மேடு. எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர் ஏறிக்கொண்டிருந்தது. மேலே பஸ் வரவும் அது பாதி மேட்டில் நின்றது. நாங்களும் நின்றோம். பஸ் போனதும் டிராக்டர் புகையைக் கக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டது. நம் வண்டி ஏறவில்லை.

உங்கள் டீசலில் ஓட்டிய பழக்கம் பாஸ்கருக்கு. கிளட்சை விட்டால் போதும், அது தானாக நகரும். அதே நினைப்பில் இதையும் விட்டார். ஒரு உதறு உதறி அணைந்துவிட்டது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. பயந்துபோய் ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தார். என்ஜின் அலறியது, சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றியது, வண்டி பின்பக்கமாக நழுவியது. இடதுபுறம் வாய்க்கால் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. வலதுபுறம் சரிந்த மண், கதவைத் திறக்க வழியில்லை. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் தோளில் சாய்ந்திருந்த அத்தையின் மூச்சு மட்டும் விசில் மாதிரி கேட்கிறது.

அப்போது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. “ஒரு நெல்லு மூட்டையத் தரையிலேர்ந்து கிளப்புற பலம் இருக்கு பாரு, அது டார்க். ஒரு மணி நேரத்துல எத்தனை மூட்டைய லாரில ஏத்துறோம்ங்கறது ஹார்ஸ்பவர். பைபாஸ்ல பறக்க ஹார்ஸ்பவர் வேணும். நின்ன இடத்துலேர்ந்து மேடு ஏற டார்க் வேணும்.” இந்த மாதிரிச் சின்ன டர்போ வண்டிகளைப் பற்றியும் சொன்னீர்கள், என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது தூங்கும், நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் போனால்தான் முழிக்கும் என்று. ரசம் ஆறிப்போகிறது என்று நான் சலித்துக்கொண்டேன். காதில் விழுந்துதான் இருக்கிறது, பாருங்கள்.

“தம்பி, ஏசிய நிறுத்துங்க, அது என்ஜின் பலத்தத் திங்கும். ஹேண்ட்பிரேக்க இழுத்து வச்சுட்டு முதல்ல ரெண்டாயிரத்துக்குக் கொண்டு போங்க. அப்புறமா கிளட்ச விடுங்க.”

“சும்மா இருங்க அண்ணி, நீங்க வேற!”

மறுபடி அணைந்தது. மறுபடி நழுவியது. பின்சக்கரம் கரையின் விளிம்புக்கு வந்துவிட்டதை உட்கார்ந்த இடத்திலேயே உணர முடிந்தது. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கிச் சொன்னார்: “அவகிட்ட... குடுடா.”

பாஸ்கர் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. அம்மாவைக் காப்பாற்றத்தானே அவரும் தவிக்கிறார்? ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடியே இடது சீட்டுக்கு நகர்ந்தார். நான் புடவையைச் செருகிக்கொண்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவில் நுழைந்து முன்னால் வந்தேன்.

ஏசியை அணைத்தேன். முதல் கியர். சுற்று காட்டும் முள்ளை ரெண்டாயிரத்துக்கு ஏற்றி, காலை ஆட்டாமல் அங்கேயே நிறுத்தினேன். கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கியது. முள் இறங்கப் பார்த்தது. இன்னும் ஒரு நூல் மிதித்தேன். ஹேண்ட்பிரேக்கை விட்டேன். வண்டி நின்றது நின்றபடி ஒரு கணம் யோசித்தது. பிறகு நகர்ந்தது. இழுத்தது. சேற்றை அரைத்துக்கொண்டு ஏறியது. மேலே ரோடு தட்டுப்பட்டபோதுதான் நானும் மூச்சு விட்டேன்.

திருவாரூர் வரைக்கும் நானே ஓட்டினேன். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். அத்தை பிழைத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே சாவி பாஸ்கர் சட்டைப் பைக்குப் போய்விட்டது. அவர் கை நீட்டினார், நானும் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன்? வீடு திரும்பியதும் எல்லாம் பழையபடி. சமையல், அத்தைக்கு மாத்திரை, ஜன்னலுக்கு வெளியே முழுகிக் கிடக்கும் சம்பாப் பயிர். மேட்டில் மாட்டிக்கொண்டு நின்றது கொஞ்ச நேரம்தான். அதற்கு அப்புறம் இந்த வீட்டில் நின்றுகொண்டிருந்ததுதான் தாங்கவில்லை.

நேற்று மதியம் அத்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சட்டென்று கேட்டார்கள்.

“ஏம்மா, என்னைத் தஞ்சாவூர் கூட்டிட்டுப் போறியா?”

“டாக்டரப் பாக்கவா அத்தை?”

“டாக்டரும் இல்ல, கல்யாணமும் இல்ல. சும்மா. இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நான் சும்மா எங்கயும் போனதில்ல. யாராவது எங்கயாவது கூட்டிட்டுப் போனாத்தான் போயிருக்கேன்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வீட்டில் நான் ஒருத்திதான் அடைபட்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேனே.

சாயங்காலம் பாஸ்கர் வந்ததும் சொன்னேன். “அத்தையை நாளைக்குத் தஞ்சாவூர் கூட்டிட்டுப் போறேங்க தம்பி.”

“மழை விடட்டும் அண்ணி, பாப்போம். நானே கூட்டிட்டுப் போறேன்.”

“கேக்கலைங்க தம்பி. சொல்றேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்கர் பையிலிருந்து சாவியை எடுத்து டிவி மேசைமேல் வைத்தார். என் கையில் தரவில்லை. பரவாயில்லை என்று நானே எடுத்துக்கொண்டேன்.

விடிந்தால் கிளம்புகிறோம். அத்தை முன்சீட்டில்தான் உட்காருவார்களாம், புடவைகூட எடுத்து வைத்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் மருந்துக் கடைக்குப் போன் செய்து, வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்பேன். அது இல்லையென்றால் வேறு கடை. இனி இந்தச் சாவியை யார் கை நீட்டினாலும் கொடுக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் வீட்டுக்காரி,
கலா