இங்கிருந்து அங்கே போகும் எழுத்து

கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார் சர்வீஸ்காரர். சூடான தூசி வாசனை கடை முழுக்க நிற்கிறது. உள்ளே எழுத்தை மாற்றித் தரும் அந்த நீளமான பச்சைக் கார்டு. அது ஆடாமல் இருக்க நீ மடித்துச் செருகிய கல்யாண அட்டைத் துண்டும் அப்படியே இருக்கிறது. "இது ஆரு சேச்சி வெச்சது?" என்று அவர் அதைப் பிடித்து இழுக்கப் போனார். "தொடாதீங்க, எழுத்து போயிரும்" என்றேன். சிரித்தார். இன்றைக்கு எப்படியும் போகப்போகிற எழுத்துதானே என்று நினைத்திருப்பார்.

மேசையில் புது விண்டோஸ் சி.டி. இருக்கிறது. அவர் திரும்பி வந்ததும் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். போடச் சொன்னால் ஹார்டு டிஸ்கை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் போடுவார். நம் பழைய ஃபைல் ஒன்றும் புதியதில் திறக்காது, பச்சைக் கார்டும் வேலை செய்யாது. வேண்டாம் என்றால் மூடியை மாட்டிவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிவிடுவார். அதுவரை கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்தப் பழையதிலேயே உனக்கு இதை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாண அட்டை அடிக்க நம்மைப் போல ஒரு கூட்டுக்கடை பாறசாலையில் வேறு கிடையாது. நான் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, கல்யாணமாகி எல்லை தாண்டி இங்கே வந்தவள். மலையாளம் பேசுவேன், அதில் சண்டைகூடப் போடுவேன். எழுத்து மட்டும் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான். நீ காஞ்சிரங்குளத்துக்காரி, கடலுக்குப் போகிற வீட்டுப் பெண். தமிழ் உன் வாயில் தண்ணீராய் ஓடும், எழுதிக் காட்டினால் திருதிருவென்று விழிப்பாய். "நம்ம ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும் மக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாய். அதை எதற்கு ஊருக்கெல்லாம் சொல்கிறாய் என்று எனக்குக் கோபம் வரும்.

அந்த ஒரு முழு ஆளை உண்டாக்கியது பச்சைக் கார்டுதான். நீ மலையாளத்தில் அடிப்பாய். மேல் வரிசையில் ஒரு பொத்தானை அமுக்கினால் அதே சொற்கள் தமிழ் எழுத்தில் வந்து நிற்கும். பேச்சு மாறாது, எழுத்து மட்டும் மாறும். பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், வீட்டுப் பெயர், எல்லாவற்றையும் ஒரு தரம் அடித்தால் போதும். நம் பக்கத்துக் கல்யாண அட்டைக்கு வேறென்ன வேண்டும். ஒரு புறம் மலையாளம், மறு புறம் தமிழ். சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்களே.

வெள்ளறடையிலிருந்து வந்த அந்த ரப்பர்த் தோட்டக்காரரை நினைத்துக்கொள்கிறேன். மகளின் பெயர் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறியதைப் பார்த்துவிட்டு, "ஒருக்கா கூட அமுக்குங்க, காணட்டும்" என்றார். நீ அமுக்கினாய். "இன்னும் ஒருக்கா." அதற்கும் அமுக்கினாய். கடைசியில் அவர் பெண்டாட்டியையும் ஆட்டோவிலிருந்து இறக்கிக் கூட்டிவந்து காட்டினார். அவர் போன பிறகு, "மாப்பிள்ளையைக்கூட அந்தாளு இவ்வளவு நேரம் பாத்திருக்க மாட்டாரு" என்றாய். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிரித்தது யாரோ மாதிரியும் இருக்கிறது.

ஒரு விதி வைத்திருந்தாய். மலையாளத்தில்தான் முதலில் அடிக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் நான் ஓர் அட்டை முழுவதையும் தமிழில் அடித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். மலையாளத்தில் எழுத்து அதிகம், தமிழில் குறைவு. இல்லாத எழுத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? மெல்ல ஒலிக்க வேண்டிய இடத்திலெல்லாம் வல்லெழுத்தே வந்து நின்றது. நீ திரையைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் பெயரையெல்லாம் முரட்டுக் குரலில் வாசித்துக் காட்டினாய். பிறகு சொன்னாய்: "அங்கேருந்து இங்க வரலாம் மக்கா. இங்கேருந்து அங்க போனா சாமானம் குறையும்."

புதியது வேண்டும் என்று முதலில் சொன்னவளும் நீதான். அந்த மத்தியானம் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "எட்டி, நெய்யாற்றின்கரையில எல்லாம் போட்டோ வெச்ச கலர் கார்டாக்கும் அடிக்கான். நாம இன்னும் இந்தப் பச்சையைக் கெட்டிப்பிடிச்சிட்டுக் கிடக்கணுமா?"

"பொத்தான் போயிருமே."

"போகட்டும். நீ மலையாளம் படி, நான் தமிழு படிக்கேன். எழுத்து படிக்க நமக்கு வயசா ஆச்சு?"

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு உடனே ஒரு பழைய புரூஃப் தாளைத் திருப்பிப்போட்டுப் பாடமும் தொடங்கினாய். இரண்டிலும் ஒன்றுபோல இருக்கிற எழுத்திலிருந்து போவோம் என்று 'ப' எழுதினாய். "இது ரெண்டிலயும் ஒண்ணுதான். இன்னைக்கு இது போதும்" என்று பேனாவை மூடிவிட்டாய். அதன்பின் ஓணம் கழியட்டும் என்றேன் நான். கல்யாண சீசன் கழியட்டும் என்றாய் நீ. சீசன் கழிவதற்குள் உன் கண் மஞ்சளாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டது ஒன்றுதான். "வெள்ளறடைக் கார்டு குடுத்தாச்சா?" ரப்பர்க்காரரின் இளைய மகள் கல்யாணம் அது. "குடுத்தாச்சு" என்றேன். "பைசா தந்தானா?" என்று கேட்காமல் தூங்கிவிட்டாய், அதுவே உன் வழக்கம் இல்லை. எழுந்ததும் கேட்பாய் என்று உட்கார்ந்திருந்தேன். நீ எழவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. காஞ்சிரங்குளத்தில் உன்னை அடக்கம் செய்தபோது எல்லாரும் மண் போட்டார்கள், நானும் போட்டேன். பிரிண்டர் ரிப்பன் தீர்ந்துபோனது அப்போது நினைவு வந்தது, வழியில் வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் கடையைத் திறந்தேன். அதன் பிறகும் அப்படித்தான், சோறு உண்டு, தூக்கம் உண்டு, குறை ஒன்றும் இல்லை. கால் மரத்துப்போனால் தரையில் மிதிப்பது தெரியாதே, அப்படி நடந்துகொண்டிருக்கிறேன்.

உன் நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனைக்கு நினைவு அட்டை அடிக்க உன் அண்ணன் வந்தான். போட்டோ வேண்டும், முழுக்க மலையாளத்தில் வேண்டும் என்றான். நம் கம்ப்யூட்டரில் போட்டோ வராது, எனக்கு மலையாளம் எழுத வராது. அவன் வாசலில் நின்றே தலையைச் சொறிந்தான், பிறகு "கெடக்கட்டும் அக்கா, நான் நெய்யாற்றின்கரையில குடுக்கேன்" என்று போனான். அடித்து வந்ததும் எனக்கும் ஒன்று தந்தான். நீல ஓரம், அந்தச் சிவப்புப் புடவையில் நீ. அச்சு நன்றாகத்தான் இருந்தது. உன் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கீழே ஆறு ஏழு வரி இருக்கிறது, உன்னைப்பற்றி என்னவோ எழுதியிருக்கிறார்கள். யாரிடமும் வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஊர்க்காரர் கல்யாணத்துக்கெல்லாம் அட்டை அடித்த கடை, உன் அட்டையை அடிக்கவில்லை. அதை நினைத்தால் மட்டும் நெஞ்சில் ஏதோ ஒன்று இலேசாக அசைகிறது.

அந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் சர்வீஸ்காரருக்கு ஃபோன் பண்ணினேன். பண்ணிவிட்டு நான்கு தடவை தேதியைத் தள்ளிப்போட்டேன். இந்தக் கம்ப்யூட்டரில் உன் கை அடித்தது எவ்வளவோ இருக்கிறது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சாயங்காலம் எனக்கு முன்னால் நீ கிளம்பிப்போகும் நாட்களில் நம் தமிழை மலையாள எழுத்தில் அடித்துவைத்துப் போகிற சேதிகள்தான். காலையில்கூட ஒன்றைத் திறந்து பொத்தானை அமுக்கினேன். "மக்கா, மழை வருது, ஜன்னலைச் சாத்து. நாளைக்கு வாறேன்." வெளியே நல்ல வெயில். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

சர்வீஸ்காரர் வந்துவிட்டார். வாசலில் கையை உதறிக்கொண்டு, "சேச்சி, தொடங்கட்டே?" என்கிறார். "இந்தா முடிஞ்சுது" என்றிருக்கிறேன்.

போடச் சொல்லப்போகிறேன். நீ கேட்டதும் அதுதான். துடைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. இவ்வளவையும் உன் விதிக்கு நேர்மாறாகத் தமிழிலேயே அடித்துவிட்டேன். உனக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் பொத்தானை அமுக்கி உன் எழுத்துக்கு மாற்றி ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன். சாமானம் குறைந்துதான் வந்து சேரும், முரட்டுக் குரலில் வாசித்துச் சிரித்துக்கொள். பிரதியை உன் நினைவு அட்டையோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொள்வேன். இரண்டும் மலையாள எழுத்து. நீ சொல்லிக்கொடுத்தது 'ப' மட்டும். அதிலிருந்து தொடங்கி, முதலில் நான் உனக்கு எழுதியதைப் படிக்கப் பழக வேண்டும், பிறகு உன்னைப்பற்றி அவர்கள் எழுதியதை.