இரண்டு சிறங்கை

நவம்பர் 4, செவ்வாய்
மழை. இன்றும் சோறு மிஞ்சிவிட்டது. பரமேஸ் பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்தொன்பது நாள். கட்டிய நாள் முதல் நான் உலை வைத்தவன் இல்லை. அவளிடம் அரிசி அளக்கக் கப்பும் இல்லை, சுண்டும் இல்லை. அரிசிப் பைக்குள் வலக்கையை விடுவாள். நாலு சிறங்கை. எனக்கு இரண்டு, தனக்கு இரண்டு. நானும் எனக்கென்று இரண்டு அள்ளினேன். பானை மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியது.

கீழ்க்கடைச் சிவத்திடம் சொன்னேன். "அண்ணை, உங்கட கை மண்வெட்டியெல்லோ" என்றான்.

மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து. பிழை இருந்தால் இருக்கட்டும்.

நவம்பர் 5, புதன்
குளிர். மகள் சுதா லா கூர்னெவிலிருந்து கோடு போட்ட கப் ஒன்று கொண்டுவந்தாள். ஒரு ஆளுக்கு இந்தக் கோடு வரை காணுமாம். அளந்து போட்டேன். வயிற்றுக்குக் காணவில்லை. பாண் தின்று படுத்தேன்.

ஊரில் சிறங்கை என்றால் முதலில் யாருடைய கை என்றுதான் கேட்பார்கள். அரிவு வெட்டினால் கூலி ஆளுக்குப் பத்துச் சிறங்கை நெல். வயல்காரர் தன் கையால் அளக்கமாட்டார். ஏழு வயது மகளைக் கூப்பிடுவார். சின்னக் கை, வளையல் போட்டது. ஒருமுறை அம்மா சொன்னா: "பிள்ளையின்ரை கை வளரட்டும், பிறகு வாறம்." எல்லாரும் சிரித்தார்கள். வயல்காரரும் சிரித்தார். அடுத்த வெட்டுக்கு எங்களைக் கூப்பிடவில்லை.

நவம்பர் 7, வெள்ளி
ஆஸ்பத்திரி. வலக்கை மடங்கியபடியே. இடக்கை அசைகிறது, ஆனால் கரண்டியைத் தொடமாட்டாள். பேச்சும் இல்லை. கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை பிரெஞ்சில் ஏதோ சொன்னது. சுதா சொன்னாள்: வீட்டில் செய்து பழகிய வேலை எதையாவது இடக்கையால் செய்யவேண்டுமாம். திங்கட்கிழமை முடிவாம். வீடா, பொபினிப் பக்கத்து வயோதிபர் மடமா.

வரும்போது பஸ்ஸை விட்டுவிட்டேன். குடையும் எங்கோ.

நவம்பர் 9, ஞாயிறு
வெயில் போல ஒன்று. அரிசி ஒரு பையில், வெறும் கிண்ணம் ஒன்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தேன். உலைக்கு அளந்து தா என்றேன்.

கனநேரம் பார்த்தாள். பிறகு இடக்கையைப் பைக்குள் விட்டாள். ஒன்று. பாதி விரிப்பில் கொட்டியது; திரும்ப அள்ளி நிரப்பினாள். இரண்டு. கை நின்றுவிட்டது.

பயிற்சிப் பிள்ளை கைதட்டியது. சுதா அழுதாள், அம்மா இனி வீட்டை வருவா என்று.

நான் உனக்கும் இரண்டு போடு என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். இருபத்துநாலு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு, வாய் கோணியபடி:

"உங்களுக்குக் காணும்."

கிண்ணத்தைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டேன்.

வந்து அந்த அரிசியைப் போட்டேன். இன்று சோறு மிஞ்சவில்லை.