பொழிமுகத்தில் சொன்ன பெயர்

இன்று காலை மீன்காரி கூடையை இறக்கியதும் காயல் சேற்றின் வாடை வந்தது. உள்ளே ஒரு கொடுவா மீன், செதில் காயாமல் கிடந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் போன பிறகு அந்த வாடை நம் வாசலுக்கு வந்ததே இல்லை.

நம் மகள் செல்லம்மையைப் பேதி கொண்டுபோன வருஷம் வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வேலை முடிந்து வருவீர்கள். சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுப்பீர்கள். பிறகு ஞாயிறு தோறும் சாயங்காலம் எங்கோ போய் இடுப்பு வரை நனைந்து திரும்பினீர்கள். உயிரை விட வழி தேடுகிறீர்களோ என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு, சொல்லாமல், கடற்கரைக்குப் போகும் பூந்துறைப் பாதையில் பின்னாலேயே வந்தேன். நீங்கள் கடலில் இறங்கினால் நான் என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை. ஆறு கடலில் சேரும் பொழியில், தொடையளவு தண்ணீரில், தூண்டில் நூலைப் பிடித்தபடி நின்றீர்கள். என்னைப் பார்த்தும் கோபப்படவில்லை. நூலை என் கையில் கொடுத்தீர்கள்.

அன்று முதல் நானும் வந்தேன். தெருப்பெண்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை. “நாந்தான் அவளக் கூப்பிட்டேன்,” என்று நீங்கள் அத்தையிடம் பொய் சொன்னீர்கள்.

வீட்டில் ஊமையாக இருந்த நீங்கள் அங்கே மீனைப் பற்றிப் பேசினீர்கள். அமாவாசை கழிந்து இரண்டு நாளில் கடல் பொங்கிக் காயலுக்குள் வெள்ளம் நன்றாக ஏறும். அது வற்றத் தொடங்கும்போது காயலின் இறாலும் பொடிமீனும் வெளியே இழுபடும். கொடுவா மணல்திட்டின் ஓரத்தில் காத்துக்கிடக்கும் என்றீர்கள். இரைக்கு மடவை மீன் குஞ்சை முதுகுத்தோலில் மட்டும் முள்ளில் கோர்க்கச் சொன்னீர்கள். அது உயிரோடு நீந்த வேண்டும். செத்த இரையைக் கொடுவா திரும்பிப் பார்க்காதாம்.

புரட்டாசியில் ஒருநாள் நூல் என் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. பதறி இழுக்கப் போனேன்.

“இப்பம் இழுக்காத. முழுங்கட்டும்,” என்றீர்கள். சற்றுப் பொறுத்து, “இனி இழு.”

இருவருமாக இழுத்து மணலில் போட்டோம். நீங்கள் அதன் பக்கத்தில் குந்தினீர்கள்.

“செல்லம்மை இருந்தா இதத் தொடணும்னு நிப்பா.”

அவள் போன பிறகு அந்தப் பெயரை நீங்கள் சொன்னது அதுதான் முதல் தடவை.

“வாலத்தான் தொடுவா. தலையத் தொடப் பயப்படுவா,” என்றேன்.

சிரித்தீர்கள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. சுடுகாட்டிலும் அழாத மனுஷன் என் தோளில் முகத்தை வைத்து அழுதீர்கள். வீடு வரும் வரை அவளைப் பற்றியே பேசினோம். தலை பின்னப் பிடிக்காமல் அவள் ஓடியது, உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு விழுந்தது, எல்லாம்.

நமக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அத்தையும் போனாள். ஆடியில் வந்த காய்ச்சல் உங்களையும் கொண்டுபோயிற்று.

போன அமாவாசை கழிந்து நான் தனியாகப் பொழிக்குப் போனேன். அங்கிருந்தவர்கள் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். மீன் ஒன்றும் கடிக்கவில்லை. செல்லம்மை எப்படிச் சிரிப்பாள் என்று தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான். வெள்ளம் வற்றத் தொடங்கியதும் அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். உங்களுக்காக இன்னொரு தடவையும் சொன்னேன்.