ஒழுகாத வெந்நீர்ப் பை

பிப்ரவரி 3

என்னங்க,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கவே கோபம் வருகிறது. இருந்தாலும் கேட்கிறேன். போன் செய்தால் "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து, பட்டறையிலிருந்து சாப்பாடு வாங்க வரும் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள், படித்தால் சாப்பாடு இறங்காது.

நான் செய்தது தப்புதான். வெந்நீர்ப் பை ஒழுகிப் படுக்கை நனைகிறது என்று நீங்கள் சொன்னதை நம்பி, மூன்றாவது பையையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் உங்கள் சிநேகிதர் என்றும் பார்க்காமல் சண்டை போட்டேன். அவர் பையில் தண்ணீரை நிரப்பி, வந்திருந்தவர்கள் முன்னால் தலைகீழாகத் தொங்கவிட்டார். ஒரு சொட்டு விழவில்லை. என் மானம் போயிற்று. அதை உங்களிடம் சொன்னேன். மறுநாள் காலையில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உங்கள் மெத்தைப் பட்டறை மாடிக்குப் போனவர்தான்.

அதற்கா இத்தனை நாள் கோபம்? பெரியவள் போனில் "அப்பாவும் நீயும் பிரிஞ்சுட்டீங்களாம்மா?" என்று கேட்கிறாள். வேறு யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள். பதில் வராவிட்டால் வெள்ளிக்கிழமை பட்டறைக்கே வந்து, வேலை செய்கிறவர்கள் முன்னால் கேட்பேன். நான் கேட்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள்
கறாரம்மா


பிப்ரவரி 4

அன்புள்ள கறாரம்மாவுக்கு,

வராதே. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், இங்கே வந்து கேட்காதே.

வேறு யாரும் இல்லை. இந்தத் தொப்பையையும் வழுக்கையையும் வைத்துக்கொண்டு நான் யாரைத் தேடப் போகிறேன்?

அந்தப் பை நல்ல பைதான். ஒழுகியது நான்.

எழுதிவிட்டேன். இதற்குமேல் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் மூத்திரம் கசியும், நிற்காவிட்டால் வந்து சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். நிற்கவில்லை. இருமினால் போகிறது. குனிந்து மெத்தையைப் புரட்டினால் போகிறது. தூக்கத்தில் எனக்கே தெரியாமல் போகிறது. மறுபடி காட்டப் போனபோது டாக்டர் "ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் நம் வாடிக்கையாளரின் மகள். "ஒண்ணுமில்ல, நல்லாயிருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

என் தொழில் உனக்குத் தெரியும். பழைய மெத்தைகளை உறை பிரித்துப் பஞ்சடிக்கும்போது கறையைப் பார்த்துவிட்டு, இது வீட்டுக்காரர் வேலையா குழந்தை வேலையா என்று எல்லோரும் சிரிப்போம். அதில் பெரிய நகைச்சுவை என்னுடையதாகத்தான் இருக்கும். இப்போது பையன்கள் சாப்பிடப் போனதும் மாடியில் என் துணியை நானே அலசி, பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் காயப்போடுகிறேன். தண்ணீர் குடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். எப்போதும் கறுப்புக் கால்சட்டைதான். என்மேல் வாடை அடிக்கிறதோ என்று யார் பக்கத்திலும் நிற்பதில்லை.

உன் பக்கத்தில் எப்படிப் படுப்பேன்? கூச்சத்தில் செத்துப்போகலாம் போலிருக்கிறது. இதைப் படித்ததும் கிழித்துப் போடு. பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது.

இப்படிக்கு
உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 6

என்னங்க,

கிழித்துவிட்டேன். கிழிப்பதற்கு முன் அழுதேன், பிறகு திட்டினேன். நனைந்ததற்காக இல்லை. தண்ணீர் குடிக்காமல் கிடக்கிறீர்களே, அதற்காக.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். சின்னவள் பிறந்ததிலிருந்து எனக்கும் இருக்கிறது. தும்மினால், சிரித்தால், ஓடினால். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று துணி பிரித்துப் போடுகிறேன். ஒரு தும்மல் வந்தால் உயிர் போய் உயிர் வரும். உங்கள் நகைச்சுவைக்கு நான் மட்டும் சிரிப்பதில்லை என்று ஊரெல்லாம் குறைசொல்வீர்களே. நீங்கள் ஆரம்பித்ததுமே நான் அடுப்படிக்குப் போய், தொட்டியைப் பிடித்துக்கொண்டு, காலைப் பின்னிக்கொண்டு சிரித்திருக்கிறேன். அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். "பிள்ளை பெத்தவளுக்கு அப்படித்தான்டி இருக்கும்" என்றார். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். உங்களிடம்கூடச் சொல்லவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் உங்களுக்காகக் கேட்டேன். இதற்கென்றே தனியாக ஒரு பெண் இருக்கிறாளாம், பயிற்சி சொல்லித் தருவாளாம். நிறையப் பேர் வருகிறார்களாம். வியாழக்கிழமைக்கு உங்கள் பேரைப் பதிந்துவிட்டேன். எழுதிக்கொண்ட பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றேன். நீங்கள் சொன்ன அதே பொய். எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது. நீங்களாவது போங்கள்.

உங்கள்
கறாரம்மா


பிப்ரவரி 13

அன்புள்ள கறாரம்மாவுக்கு,

போனேன். வாசல்வரை போய்த் திரும்பி, மறுபடி போனேன். பயிற்சி சொல்லித் தரும் அந்தப் பெண்ணுக்கு நம் சின்னவள் வயதுதான் இருக்கும். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி, "நிக்க மாட்டேங்குதும்மா" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அது அவளுக்குப் போதுமாக இருந்தது. எப்போதெல்லாம், எவ்வளவு என்று, செருப்புக்கு அளவு கேட்பதுபோல் கேட்டு எழுதிக்கொண்டாள். தண்ணீர் விஷயத்தைச் சொன்னதும்தான் அதட்டினாள். "குடிக்காம இருந்தா மூத்திரப் பை இன்னும் எரிச்சலாகும் ஐயா, மோசமாத்தான் போகும்." மூத்திரத்தை அடக்குவதுபோல் அடிப்பக்கத் தசையை இறுக்கிப் பிடித்து, பிறகு தளர விடவேண்டும், அதுதான் பயிற்சி. மெத்தை தைத்துக்கொண்டே செய்கிறேன், யாருக்கும் தெரிவதில்லை. சரியாக மாதங்கள் ஆகுமாம். முழுக்கச் சரியாகாமலும் போகலாமாம்.

இன்று காலையில் ஒரு மெத்தை வந்தது, பெரிய கறையோடு. பையன்கள் ஆரம்பித்தார்கள். "சும்மா இருங்கடா" என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. நான் சிரிக்கவில்லை, அவ்வளவுதான் முடிந்தது. அந்த உறையை நானே பிரித்தேன்.

திங்கட்கிழமைக்கு உன் பேரை நான் பதிந்திருக்கிறேன். கோபப்படாதே, போய் வா. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். கொஞ்ச நாளைக்குக் கீழேதான் படுப்பேன், வற்புறுத்தக் கூடாது.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 16

என்னங்க,

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டோடு இது வரும்.

போனதும் முதலில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? பெரியவளின் மாமியாரை. அதே வரிசையில், சுவர் ஓரமாக. என்னைக் கண்டதும் கைப்பையை எடுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். எனக்கும் ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் பக்கத்து நாற்காலிதான் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். "முட்டி வலிங்க சம்பந்தி" என்றார். "எனக்கும் முட்டிதாங்க" என்றேன். முட்டி வலிக்குப் போகிற கதவு அதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். அவர் எதிரில் எழுந்து அந்தக் கதவுக்குள் போவது கல்யாணத்தன்று மணவறைக்குப் போனதைவிடக் கூச்சமாக இருந்தது. போனேன், எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே வந்தபோது அவர் இல்லை. கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்று அடுத்தவரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததால்தான் போய்விட்டார். நாளைக்கு அவர் வீட்டுக்குப் போய், நான் முட்டி வலிக்கு வரவில்லை என்று சொல்லப் போகிறேன். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. சாயங்காலம் சீக்கிரம் வாருங்கள். நீங்கள் காலண்டரைப் பார்த்தபடி சொன்னீர்களே, அதை எனக்கு ஒருதரம் சொல்லிக் காட்டுங்கள்.

உங்கள்
கறாரம்மா