நான் சொன்ன மூன்று பெயர்கள்

சனிக்கிழமை, இரவு

கோபம் இன்னும் தணியவில்லை. தெற்கு மாட வீதிப் புத்தகக் கடையில் இன்று என் புதிய துப்பறியும் நாவலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வரிசையில் வந்த ஒரு நர்ஸ், "உங்க புக் எல்லாம் படிச்சிட்டேன் மேடம். அடுத்தது வர்ற வரைக்கும் யாரைப் படிக்கிறது?" என்று கேட்டாள். என்னைப்போல் மர்மக்கதை எழுதும் மூன்று பேரைச் சொன்னேன். அவர்களில் சுகந்தி, விற்பனையில் என்னையே முந்தியவள்.

கூட்டம் கலைந்ததும் என் பதிப்பாளர் பிடித்துக்கொண்டார்.

"நம்ம வாசகியை நீங்களே அடுத்த கம்பெனிக்கு அனுப்புறீங்களே மேடம்! இனிமே அந்தப் பேரெல்லாம் உங்க வாயில வரக்கூடாது. வந்தா, அடுத்த நாவலுக்கு வேற இடம் பார்த்துக்குங்க."

பல வருடப் பழக்கம். பேனாவை மூடிப் பையில் போட்டேன்.

"பார்த்துக்கறேன் சார்," என்றேன். "சுகந்தியைப் படிச்ச பிறகுதான் இந்த நாவலோட முடிவையே மாத்தி எழுதினேன். அடுத்த மேடையில அதையும் சொல்வேன்."

அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

யாரோ சொல்லியிருக்க வேண்டும், சற்றுமுன் சுகந்தி போன் செய்தாள். "என்னால உங்களுக்கு இப்படி ஆயிடுச்சே அக்கா," என்று அழுதாள்.

"அழாதடி. அடுத்த நாவல்ல உன்னை முந்தத்தான் போறேன்," என்றேன்.

யார் வெளியிடுவார்கள் என்று தெரியவில்லை. முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிட்டேன்.