தானா நின்னுடும்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து கார் சர்வீஸ் கவுண்ட்டரை விட்டு நகர முடியவில்லை. முதல் ஆளே பல் மருத்துவர். சீறிப் பாயும் சிவப்பு வண்டி வைத்திருப்பவர். டயர் பாதிகூடத் தேயவில்லையே, ஏன் மாற்றச் சொல்கிறீர்கள் என்று சண்டை. "தேய்மானம் மட்டும் கணக்கில்ல சார். ஏழு வருஷமாச்சு, ரப்பர் கட்டையாப் போச்சு. உங்க வேகத்துக்கு அது ரோட்டைப் பிடிக்காது" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் யாராச்சும் இருக்காங்களா?" என்றார். பதினாறு வருஷமாக இதே கேள்வி. எங்கள் தலைமை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எல்லாருக்கும் அவர் 'ஸ்பானர்'தான்; அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் வந்து நான் சொன்னதையே ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். உடனே தலையாட்டினார் மனுஷன்.

அப்பா பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடும் ஹைபிரிட் கார் வாங்கி இன்றோடு ஒரு மாதம். ஒன்பது வருஷத்து வண்டி, நான்தான் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். முட்டி வலியோடு அந்தப் பழைய ரெண்டு சீட்டு வண்டியில் இனி குனிந்து ஏறக் கூடாது என்று எத்தனை நாள் போராட்டம்! இன்னும் கோபம் தீரவில்லை அவருக்கு. "ஓடுதா நிக்குதான்னே தெரியல. வண்டியா இது, அலமாரி." அம்மாவுக்கு ஒரே குஷி. "பழைய வண்டி தெருமுனையில திரும்பறப்பவே என் மத்தியானத் தூக்கம் போயிடும். இப்பதான் நிம்மதி."

மார்ச் 19, புதன்

வேலை நெரிசலில் அம்மாவின் போன். "உங்கப்பா வண்டியை அணைக்காமலே உள்ள வந்துட்டார்டி. ஒரு மணி நேரம் கழிச்சு எதுக்கோ கராஜுக்குப் போனா, உள்ள பச்சை விளக்கு எரியுது. நான்தான் அணைச்சேன். ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாதும்மா, தானா நின்னுடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிரே ஒருவர் சாவியால் மேஜையைத் தட்டிக்கொண்டு நின்றார். சாயங்காலம் அம்மாவிடம் ஆற அமரப் பேச வேண்டும். கண் டாக்டரிடம் எப்போது போகிறாள் என்றும் கேட்க வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

அம்மாவைக் கூப்பிட மறந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மா வீட்டில் முழு நாள். ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் அப்பா சும்மா இருப்பதில்லை. நாற்பது வருஷம் கட்டட வரைபடம் போட்ட கை. சமையலறை அலமாரியை மாற்றிக் கட்டப் போகிறாராம், மேஜை முழுக்கத் தாள். "கோடு போட்டே குடும்பம் நடத்திட்டார்" என்றாள் அம்மா. "கோணலா ஒண்ணும் நடத்தலையே" என்றார் அப்பா, நிமிராமலே.

கராஜை ஒட்டிய சின்ன அறையில் அம்மா தனக்கென்று ஒரு கட்டில் போட்டிருக்கிறாள். வெயில் எட்டாத அறை. நானும் ஒரு மணி நேரம் கட்டை மாதிரி தூங்கினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அம்மா போய்விட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதினால்தான் நம்புவேன் போலிருக்கிறது. எழுதுகிறேன்.

வியாழன் மதியம் அப்பா கடைக்குப் போய் வந்தார். கை நிறையப் பை. கராஜ் கதவை இறக்கிவிட்டு உள்ளே வந்தார். வண்டியை அணைக்கவில்லை. இருவரும் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு அவர் முடி வெட்டிக்கொள்ள நடந்தே போனார். அம்மா அந்தச் சின்ன அறையில் படுத்தாள். கராஜ் பக்கத்து இடைக்கதவு ஒருக்களித்து இருந்திருக்கிறது.

சத்தமில்லாமல் நின்ற வண்டியில் பேட்டரி இறங்க இறங்க, என்ஜின் தானாகவே ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அது அப்படித்தான் செய்யும். அதற்காகத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். மூடிய கராஜில் புகைக்குப் போக்கிடம் ஏது? கார்பன் மோனாக்சைடுக்கு வாசனைகூடக் கிடையாது. ஐந்தரை மணிக்கு அப்பா வந்து எழுப்பியிருக்கிறார்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "மறந்துட்டேன்." எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே.

வெளியூரிலிருந்து தம்பி வந்திருக்கிறான். அப்பா முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நான் சொன்னேன். தானா நின்னுடும்னு நான்தான் சொன்னேன்.

புது மாடல்களில் கொஞ்ச நேரம் கழித்து மொத்தமும் அணைந்துவிடும். ஒன்பது வருஷத்து வண்டியில் அது கிடையாது. எனக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வேன். அன்றைக்கு அம்மா கேட்டது எந்த வண்டியைப் பற்றி என்று ஒரு நொடி யோசித்திருந்தால் – ஒரே ஒரு நொடி – எவனோ சாவியைத் தட்டினான்னு பெத்தவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லாமப் போச்சா உனக்கு?

அந்தப் போன் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

வேலைக்குப் போனேன். ஒரு அம்மாள் தன் ஹைபிரிட்டை மூன்று மாதம் நிறுத்திவைத்துவிட்டு ஊருக்குப் போகலாமா என்று கேட்டாள். உள்ளே திரும்பி ஸ்பானரைக் கூப்பிட்டேன். அவர்தான் வந்து, நிறுத்தக் கூடாது, வாரம் ஒரு தடவையாவது அரை மணி யாராவது ஓட்ட வேண்டும் என்று எல்லாம் சொன்னார். அவள் போனதும், "நீ போய் டீ குடி. கவுண்ட்டரை நான் பாத்துக்கறேன்" என்றார்.

மே 6, செவ்வாய்

தம்பி போன். அப்பாவின் லைசென்ஸைத் திரும்பக் கொடுக்கவைத்துவிட்டான். இப்போது முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேசுகிறான்.

"இது முதல் தடவை இல்லக்கா. மார்ச்லயே ஒரு தடவை மறந்தாராம், அம்மா எங்கிட்ட சொன்னா. அவருக்கு ஞாபகம் போயிட்டிருக்கு. நாளைக்கு கேஸைத் திறந்து விட்டுட்டுப் போவார். டாக்டர்கிட்ட டெஸ்டுக்கு நாள் வாங்கிட்டேன், நீ கூட்டிட்டுப் போ. அந்தக் காகிதம் வந்ததும் சேத்துடலாம்."

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சரின்னுட்டார்."

சரியாம். மாத்திரை போடக்கூடச் சரி என்று சொல்லாத மனுஷன். நான் என்ன சொன்னேன்? நானும் "சரி"தான் சொன்னேன். எழுதவே கூசுகிறது.

மே 27, செவ்வாய்

இதை இன்றே எழுத வேண்டும்.

காத்திருக்கும் இடத்தில் அப்பா செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டார். கடைசிக் கட்டம் வரை நிரப்பி, ஓரத்தில் இன்றைய தேதியையும் எழுதினார். பழைய ஆபீஸ் பழக்கம்.

உள்ளே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, இன்று என்ன தேதி? அப்பா கூரையைப் பார்த்தார். "ஏப்ரலா?" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையுங்கள் என்றார். அளவுகோல் இல்லாமல் நேர்கோடு போடுகிறவர் அப்பா. சின்ன வயதில் எங்கள் நோட்டில் அவர் போட்ட வட்டத்தைக் காம்பஸால் போட்டது என்றே டீச்சர் நம்பினார். அந்தக் கை மெதுவாக, கவனமாக, ஒரு நசுங்கிய வட்டம் போட்டது. பன்னிரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதியது. எனக்குப் புரிந்துவிட்டது. தப்பாக வரைவதற்கு அவ்வளவு கவனம் எதற்கு?

வெளியே வந்து என் வண்டியில் உட்கார்ந்தோம். நான் கிளப்பவில்லை.

"ஏம்பா வேணும்னே தப்பா வரைஞ்சீங்க?"

"வயசாயிடுச்சும்மா."

"அப்பா."

வெகுநேரம் மடியிலிருந்த செய்தித்தாளை மடித்தார், பிரித்தார். "அன்னிக்கு நான் மறக்கல" என்றார். "கையில பை. அணைக்கணும்னு தோணுச்சு. தானா நின்னுடும்தானேன்னு விட்டுட்டு வந்துட்டேன்."

அது என் வார்த்தை.

"மார்ச்ல நிஜமாவே மறந்தேன். உங்கம்மா உனக்குப் போன் பண்ணிட்டு வந்து சொன்னா. பொண்ணைக் கேட்டுட்டேன், தானா நின்னுடுமாம், இனிமே அதுக்காக முட்டி வலியோட திரும்ப ஓடாதீங்கன்னு. அப்புறம் ரெண்டு மூணு தடவை அப்படியே விட்டிருக்கேன். ஒண்ணும் ஆகல. கராஜ் கதவு திறந்திருந்துது போல."

"இதை ஏம்பா அவங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா? வண்டி சர்வீஸ் பண்ற பொண்ணு தன் அம்மாவுக்கே தப்பா சொல்லிட்டான்னு ஆகும். உன் வேலை போகும். தம்பி ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டான். கிழவன் மறந்தான்னா கதை அதோட முடிஞ்சிடும்." செய்தித்தாளை மறுபடி மடித்தார். "உங்கம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும்."

இந்த ஒன்றரை மாதம் நான் அவரைப் பார்த்துப் பயந்தேன், இரங்கினேன், ஒரு ஓரத்தில் – எழுதிவிடுகிறேன் – நல்லவேளை அப்பா மறந்தார் என்று நினைத்தேன். அவரோ தெரிந்தே முதியோர் இல்லத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ரோட்டுல எல்லாரும் பாக்கறாங்க" என்றார். ஆனால் என் கையை விலக்கவில்லை.

மே 28, புதன்

தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். மார்ச் பத்தொன்பது, போன், நான் சொன்ன வார்த்தை, அப்பாவின் பொய், எல்லாம். குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"அப்பாவை நாப்பத்தெட்டு நாளா கொலைகாரன் மாதிரி நடத்திட்டிருக்கேன். நீ பாத்துட்டு இருந்திருக்க."

வைத்துவிட்டான்.

அவன் சொன்னதில் எதை மறுக்க?

ஜூன் 16, திங்கள்

அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. முதலாளியிடமும் சொன்னேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு, "நீ போயிட்டா அடுத்து அந்தக் கவுண்ட்டர்ல நிக்கிறவன் இதே தப்பைச் சொல்லுவான்" என்றார்.

இப்போது ஹைபிரிட்டோடு வருகிற ஒவ்வொருவரையும் வண்டிக்குள் உட்காரவைத்துத்தான் பேசுகிறேன். பச்சை விளக்கைக் காட்டுகிறேன். விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும் என்கிறேன். எவ்வளவு பேர் சாவியைத் தட்டினாலும் சரி. சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அதே டாக்டர், அதே தாள். அப்பா கடிகாரம் வரைந்தார். நிமிடக் கோடுகள் அறுபதும் போட்டு, வினாடி முள் வரை. டாக்டர் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "போன தடவை என்ன ஆச்சு?" என்றார். "மனசு சரியில்ல" என்றார் அப்பா. அது பொய்யில்லை.

ஞாபகத்தில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். லைசென்ஸைத் திரும்பக் கேட்கலாமா என்றேன். வேண்டாம் என்றார். இனி ஓட்ட மாட்டாராம்.

என் ரெண்டு அறை வீட்டில் அவருக்கு ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி அவரைக் கூப்பிடுகிறான். முதல் தடவை கூப்பிட்டபோது அழுதான், சத்தம் எனக்கே கேட்டது. அவர் பேசும்போது நான் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன். என்னைப் பற்றி அவன் கேட்பதில்லை. அப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் பொய்யாக, "அவ நல்லாருக்காளான்னு கேட்டான்" என்கிறார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அம்மாவின் பிறந்தநாள். அப்பா மூன்று டம்ளரில் டீ ஊற்றிவிட்டார். ஒன்றை நான் எடுத்துக் குடித்தேன், அப்புறம் இன்னொன்றையும்.

அக்டோபர் 12, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் தம்பி வந்தான். நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு. அப்பாவின் அறையில் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் சமையலறையில் ஒரே பாத்திரத்தை மூன்று முறை கழுவினேன்.

வெளியே வந்தான். மெலிந்துவிட்டான். என்னைப் பார்க்காமல் சாவியை மேஜையில் வைத்தான்.

"பிரேக் போட்டா கீச்சுனு கத்துது. பாக்க முடியுமா?"

அவனுடையதும் ஹைபிரிட். கீழே போய்ச் சக்கரத்தைக் கழற்றினேன். இந்த வண்டிகளில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பாதியை மோட்டாரே செய்துவிடும், பிரேக் சும்மாவே கிடந்து துருவேறும். தேய்த்து, சுத்தம் செய்து, நகர வேண்டியதற்கெல்லாம் மசகு வைத்தேன். பின்சீட்டு ஓரத்துக் காற்றுத் துவாரத்தில் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருந்தது. பேட்டரி மூச்சு விடும் இடம் அது. எடுத்தேன். அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வாரத்துக்கு ஒரு தடவையாவது காலி ரோட்டுல கொஞ்சம் அழுத்திப் பிரேக் போடு. துருப் பிடிக்காது" என்றேன்.

"சரிக்கா."

ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த 'அக்கா'. கை துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார் அப்பா. இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

ஏழு மணிக்கு என் போனில் அவன் செய்தி: "வந்து சேந்துட்டேன். சத்தம் இல்ல."