அம்மாவின் பிடிலும் என் மிதிபலகையும்

அன்பு மகள் ஃபினோலாவுக்கு அப்பா எழுதுவது. அந்த வெயில் தேசத்தில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் இங்கே இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. மழை விட்டபாடில்லை, உருளைக்கிழங்கு பாதி மண்ணிலேயே அழுகிவிட்டது, மேல்வீட்டுப் பையன்கள் இருவரும் பாஸ்டனுக்குப் போய்விட்டார்கள், இந்தச் சாலையில் இனி விளக்கெரிவது நம் வீட்டில் மட்டும்தான். இதை மாட்டுக் கொட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

கிறிஸ்துமஸுக்கு நீ போனில் கத்தினாயே, அப்போது அம்மாவுக்குக் கொஞ்சம் காது மிச்சமிருந்தது. இப்போது சுத்தமாகப் போய்விட்டது. லிமெரிக் டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் கொடுத்த கருவியை மாட்டிக்கொண்டு பிடிலை ஒரு இழுப்பு இழுத்தாள், "பூனையை யாரோ கதவிடுக்குல நசுக்குறாங்க" என்று கழற்றி ஸ்பூன் டப்பாவில் போட்டவள்தான். விரலுக்குப் பாட்டெல்லாம் தெரியும், தனியாக வாசித்தால் பிசகில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மோரிஸின் மதுக்கடையில் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமே, அது இல்லாமல் உன் அம்மா எப்படி இருப்பாள் சொல்லு. அதனால் கோழிக்கூண்டின் பழைய கதவை அறுத்து நீளமாக ஒரு பலகை செய்தேன். அடியில் தேயிலைப் பெட்டி மரத்தில் ஒரு கூடு, மேலே மோரிஸ் கொடுத்த பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கி லொடலொடவென்று ஆடும்படி ஆணியடித்தேன். குதிகாலால் அடித்தால் தொம் என்னும், முன்காலால் அடித்தால் சலங் என்னும். ஒரு நுனியில் என் பூட்ஸ், மறு நுனியில் அம்மாவின் வெறுங்கால். நான் மிதிப்பது அவள் பாதத்தில் ஏறும், அதைப் பிடித்துக்கொண்டு வாசிப்பாள். எனக்குத் தாளமாவது மண்ணாவது, உனக்குத் தெரியாததா. எதிரில் புல்லாங்குழல் ஊதும் டோனலின் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன், அது அசைந்தால் என் காலும் அசையும், நின்றால் நிற்கும். "இந்தக் கிழவன் என் காலைக் களவாடுறான்யா, நான் செத்தா பூட்ஸை இவனுக்குத்தான் எழுதி வைக்கணும்" என்று டோனல் சொல்லுவான், கடையே சிரிக்கும். கோடை முழுவதும் இப்படியே ஓடியது ஃபினோலா, நானும் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டோனலின் தம்பி கீரன் போன வருஷம் நண்டுக்கூடை எடுக்கப் போய்ப் படகோடு போனது உனக்கு எழுதியிருந்தேன். அவனுடைய வருஷ பூசை போன மாதம் முடிந்து எல்லோரும் கடைக்கு வந்தோம். கீரனுக்குப் பிடித்த துள்ளல் பாட்டுகளாகவே வாசித்தார்கள், அம்மாவும் வாசித்தாள், ஒரு குறையுமில்லை. கொஞ்சம் ஓய்ந்தபோது டோனல் யாரிடமும் சொல்லாமல் கண்ணை மூடிக் குழலை எடுத்தான். இழவுக்கு ஊதுகிற மெதுவான பாட்டு. அதை ஒருவன் தனியாகத்தான் ஊதுவான், மற்றவர்கள் கை வைக்கமாட்டார்கள், கால்கூட அசையாது. எனக்கு எந்தப் பாட்டும் தொடக்கத்தில் ஒன்றுபோலத்தான் கேட்கும். என் கண் அவன் கால்மேல் இருந்தது. அழுகையை அடக்கி அடக்கி அவன் முழங்கால் நடுங்கியது, குதிகால் தரையில் தட்டியது. பாவி நான் மிதித்துவிட்டேன். தொம், சலங். அம்மா எப்போதும்போலக் கண்ணை மூடிப் பிடிலைத் தோளில் போட்டு, கீரனுக்கு ரொம்பப் பிடித்த அந்த ரீல் ஆட்டப் பாட்டை முழு வேகத்தில் எடுத்துவிட்டாள், முகமெல்லாம் சிரிப்பு. என் கால் அப்படியே நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. அவள் கையைப் பிடிக்கப் போனேன், டோனல்தான் வேண்டாம் என்று தலையசைத்தான். பிறகு குழலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே மழையில் போய்விட்டான். அம்மா வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தபோது கடை முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாத்தியா மாலக்கி, டோனல்கூட ஊதறத நிறுத்திட்டான். எனக்காக எல்லாரும் நிறுத்திட்டுக் கேட்டாங்க. இத்தனை வருஷத்துல இப்படி ஒருநாள் கெடச்சதில்ல." ஆமாம் என்று தலையாட்டினேன். மறுநாள் மோரிஸ் முட்டை வாங்க வருவதுபோல வந்தான், அவனுக்கு எதற்கு நம் முட்டை. "யாரும் தப்பா எடுத்துக்கல மாலக்கி, சத்தியமா. குளிர் வேற ஜாஸ்தியா இருக்கு, ஈஸ்டர் வரைக்கும் உன் சம்சாரம் வீட்டுலயே கதகதப்பா இருக்கட்டுமே" என்று தொப்பியைத் திருகிக்கொண்டே சொன்னான். நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். இந்த ஈஸ்டரும் இல்லை, எந்த ஈஸ்டரும் இல்லை. டோனலைப் பார்க்கப் போனேன், டீ போட்டுக் கொடுத்தான், வானிலை பேசினான், குழலை எங்கும் காணவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவிடம் ஒரு பொய்யைச் சீட்டில் எழுதிக் காட்டுகிறேன். கார் கிளம்பவில்லை, மோரிஸுக்கு உடம்பு சரியில்லை, என் முட்டி வலிக்கிறது. பலகையைச் சமையலறையில் போட்டு நான் மிதிக்க, அவள் வாசிக்கிறாள். தந்தி இறங்கிப்போய் எல்லாம் அபசுரம் என்று தபால்காரன் வாசலில் நின்று முகம் சுளித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. முன்பெல்லாம் நீதானே முறுக்கிச் சுருதி சேர்ப்பாய், இந்த வீட்டில் இனி அதற்குக் காதுள்ளவர் யாரும் இல்லை. அதற்காக நீ புறப்பட்டு வா என்று சொல்லவில்லை, வந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெயிலில் தொப்பி இல்லாமல் நடக்காதே. உனக்கு மாதாவின் நிழல் எப்போதும் இருக்கட்டும் மகளே. இந்தத் தாளைப் படித்ததும் கிழித்துப் போடு. இதோடு இருக்கும் இன்னொரு தாள் அம்மா எழுதியது, கடையே நிறுத்திக் கேட்ட கதை. அதற்கு மட்டும் பதில் எழுது. ரொம்பப் பெருமையாக இருக்கிறது என்று எழுது, அவள் படித்துப் பார்ப்பாள். சமையலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. இன்றும் ஞாயிறு, கோட்டு போட்டுக்கொண்டு பிடில் பெட்டியோடு நிற்கிறாள். இன்றைக்கு என்ன எழுதிக் காட்டுவது என்று தெரியவில்லை.

உன் அப்பா
மாலக்கி